மந்தைக் கல்லும் சீட்டுக்கட்டும்

மாட்டுத்தாவணியில் மேலூருக்குப் பஸ் இல்லை என்று யாரும் நின்றதில்லை. திருச்சி, காரைக்குடி என்று பலகை மாட்டிய வண்டிகளுக்கும் அதுதான் வழி. ஒரே ஒரு சிக்கல், நான்குவழிச் சாலையில் பறக்கிற சில வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் புறவழியிலேயே போய்விடும். ஏறுவதற்கு முன்னால் "ஊருக்குள்ள போகுமாண்ணே?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டோம். நடத்துநர் தலையை எந்தப் பக்கம் ஆட்டினார் என்று தெரியவில்லை. ஏறிவிட்டோம்.

கூட வந்தவன் அக்கா மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போது ஸ்வீட் பெட்டி தூக்கி வருகிற வயது போய்விட்டது போலிருக்கிறது. மடியில் ஒரு சீட்டு விளையாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு, மூலை நசுங்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். எடை ஒரு படி அரிசி இருக்கும். "இதுல சீட்டு மட்டுமா இருக்கு?" என்று கேட்டேன். "சீட்டும் எதிரியும் மாமா" என்றான்.

ஒத்தக்கடையில் யானைமலை எழுந்து கூடவே வரத் தொடங்கியது. அந்தப் பாறையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோவில் எடுத்தவன் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி. காலம் கி.பி. 770. வேலை முடிவதற்குள் அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் மிச்சத்தை முடித்து வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஒருவன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் எடுத்துச் செய்வது இந்தச் சாலையில் பழைய வழக்கம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மருமகன் மலையைப் பார்க்கவில்லை. விதிப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

அந்த விளையாட்டின் பெயர் மார்வெல் சாம்பியன்ஸ். அமெரிக்காவின் ஃபேன்டஸி ஃபிளைட் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. ஒருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சிக்கு ஆளே கிடையாது. எதிரி என்ன செய்வான் என்பதை ஒரு தனிச் சீட்டுக்கட்டு சொல்லும். இந்த வகைக் கூட்டு ஆட்டங்கள் மேசை விளையாட்டில் சமீபத்திய பயிர். ரைனர் க்னீசியா 2000இல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். 2008இல் மாட் லீகாக்கின் 'பாண்டமிக்' வந்து, உலகெங்கும் குடும்பங்களை ஒன்றுசேர்ந்து கிருமிகளோடு சண்டை போட வைத்தது. ஆந்துவான் பௌசாவின் 'ஹனாபி' என்ற சின்னச் சீட்டாட்டம் 2013இல் ஜெர்மனியின் ஆண்டு விளையாட்டு விருதை வாங்கியது. அதில் நம் கையிலிருக்கும் சீட்டு நமக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் மருமகன் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தான். பின் சீட்டில் ஒரு பெரியவர் வாழைக்கட்டோடு உட்கார்ந்து கவனமாகக் கேட்டார். கடைசியில் "காசு வச்சு ஆடுறதா தம்பி?" என்றார். இல்லை என்றதும் அவர் கவனம் ஜன்னலுக்குப் போய்விட்டது.

மேலூரில் அக்கா வீட்டுக்காரர் இருபத்தெட்டு ஆட்டத்தில் பெரிய கை. நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். 32 சீட்டு. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு நிறத்துக்கும் கூட்டினால் 28. இதே ஆட்டக் குடும்பத்தில் யாழ்ப்பாணத்தார் ஆடுகிற 304 இருக்கிறது. அங்கே ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று கணக்கு பெரிதாகும். எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கூட்டாளி என்ன வைத்திருக்கிறான் என்று வாயால் கேட்கக் கூடாது. அவன் இறக்குகிற சீட்டிலிருந்து நீயாகப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணைச் சிமிட்டினால் கெட்ட பெயர்.

அதனால் சாப்பாடு முடிந்து, முற்றத்துப் பாயில் மருமகன் பெட்டியைத் திறந்து, "எல்லாரும் கைச்சீட்டக் காட்டலாம், பேசிக்கலாம், யோசன சொல்லலாம்" என்றவுடன் மச்சான் முகம் சுருங்கியது.

"வாயத் தொறந்து சொல்லிட்டு ஆடுறதுக்குப் பேரு சீட்டா? பஞ்சாயத்துன்னு சொல்லு."

அவர் ஆட வரவில்லை. கட்டிலில் சாய்ந்து, ஆடுகிறவர்களைப் பார்க்கிறவராக இருந்தார். ஆடியது மூவர். மருமகன் அயர்ன் மேன். அவன் தங்கை, ஒன்பதாம் வகுப்பு, ஷீ-ஹல்க். எனக்கு ஸ்பைடர் மேன் கொடுத்தார்கள். புதியவனுக்கு அதுதான் கொடுப்பார்களாம். எதிரி அல்ட்ரான்.

அல்ட்ரானின் கெட்டிக்காரத்தனம் நம் சீட்டையே நமக்கு எதிராகத் திருப்புவது. நம் கட்டின் மேல்சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தால் அது ஒரு டிரோன். நம் முன்னால் நின்று நம்மையே அடிக்கும். ஒவ்வொரு டிரோனுக்கும் உயிர்ப்புள்ளி ஒன்றுதான். ஆனால் வேகமாகப் பெருகும். நான் ஒன்றை அடித்து வீழ்த்துவதற்குள் பாயில் மூன்று முளைத்திருந்தன. அப்போதுதான் சின்னவள் கண்ணில் அந்தச் சீட்டு பட்டது. ஷீ-ஹல்க் காலால் தரையை மிதிக்கிற படம். 'கிரவுண்ட் ஸ்டாம்ப்'. எதிரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி சேதம்.

"ஒரே மிதி, எல்லாமே காலி!" என்று அவள் சீட்டை இறக்கப் போனாள். அண்ணன்காரன் கையைப் பிடித்தான்.

பாயின் ஓரத்தில் விப்லாஷ் நின்றுகொண்டிருந்தான். அயர்ன் மேனை யாராவது எடுத்தால் அவனுடைய ஜென்மப் பகையாளியாக இந்த விப்லாஷ் ஆட்டத்துக்கு வெளியே காத்திருப்பான். ஒரு குறிப்பிட்ட கெட்ட சீட்டு புரண்டால் உள்ளே வந்துவிடுவான். அன்று வந்திருந்தான். அவன் சீட்டில் ஒரு சொல்லும் ஒரு எண்ணும்தான் முக்கியம். பதிலடி, ஒன்று. அவனை யார் தாக்கினாலும், தாக்கி முடிந்த பிறகு, தாக்கியவருக்கு ஒரு புள்ளி சேதம் திரும்பி வரும்.

இங்கேதான் அன்றிரவின் வழக்கு தொடங்கியது. சின்னவளின் வாதம் எளிமையானது. நான் விப்லாஷைக் குறிவைக்கவில்லை. நான் தரையை மிதித்தேன். மிதியில் அவனும் ஆடினான் என்றால் அது அவன் பாடு. அவன் எதற்காக என்மேல் திரும்ப வேண்டும்?

விதி அவள் பக்கம் இல்லை. சீட்டின் மேல் 'தாக்குதல்' என்று முத்திரை இருந்தால் அது எத்தனை பேர்மேல் விழுந்தாலும் அத்தனை பேரும் தாக்கப்பட்டவர்கள்தான். எல்லாருக்கும் சேதம் ஒரே நேரத்தில் விழும். விழுந்த பிறகு யார் உயிரோடு நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நிற்பவர்களில் பதிலடி உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பித் தருவார்கள். ஒருவன் இருந்தால் ஒன்று. இருவர் இருந்தால் தனித்தனியாக இரண்டு. டிரோன்கள் அடியிலேயே விழுந்துவிடுவதால் அவை கணக்கில் வராது. செத்தவனுக்குப் பதிலடி கிடையாது. விப்லாஷ் ஒரு புள்ளியில் சாகிறவன் அல்ல. அவன் நிற்பான். திருப்பித் தருவான்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம். அடி பட்டால்தான் பதிலடி என்று இல்லை, தாக்கப்பட்டாலே போதும். எதிரிமேல் கவசச் சீட்டு ஒன்று கிடந்தால் நம் அடியை அது முழுக்கத் தாங்கிக்கொண்டு கழன்றுவிடும், ஒரு புள்ளிகூட உள்ளே இறங்காது. ஆனாலும் அவன் தாக்கப்பட்டவன்தான். பதிலடி வரும். மாறாக, 'தாக்குதல்' என்ற முத்திரை இல்லாமல் வெறுமனே சேதம் தருகிற சீட்டுகளும் உண்டு. அவற்றால் அதே ஒரு புள்ளியைக் கொடுத்தால் அவன் ஏன் எவர் என்று கேட்காமல் வாங்கிக்கொள்வான். எவ்வளவு வலித்தது என்பதல்ல, யார் கை ஓங்கியது என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இதன் வாலில் இருக்கிறது. பதிலடி என்பது தாக்குதல் அல்ல. ஆகவே பதிலடிக்குப் பதிலடி கிடையாது. எதிரெதிரே பதிலடி உள்ள இருவர் மோதினாலும் சண்டை ஓர் அடியும் ஒரு திருப்பமுமாக முடிந்துவிடும். இந்த ஒரு வரியை நம் பக்கத்து வரப்புத் தகராறுகளில் எழுதி வைத்திருந்தால் மேலூர் கோர்ட்டில் பாதிக் கட்டு குறைந்திருக்கும்.

ஷீ-ஹல்க்குக்கு உயிர்ப்புள்ளி 15. ஒன்று போனால் குடி முழுகாது. சின்னவள் மிதித்தாள். டிரோன்கள் மூன்றும் போயின. விப்லாஷ் ஒன்று வாங்கிக்கொண்டு ஒன்று கொடுத்தான். "இதே மிதியை நான் மிதிச்சிருந்தா யோசிக்கணும், எனக்கு ஒன்பதுதான்" என்றான் அயர்ன் மேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏன்டா, மொதல்ல நீ அந்தச் சாட்டைக்காரனத் தனியா முடிச்சிட்டு, அப்பறம் தங்கச்சிய மிதிக்கச் சொன்னா என்னவாம்? திருப்பி அடிக்க ஆளு இருக்காதுல்ல."

ஆடாதவர் சொன்னது சரி. அடுத்தடுத்த ஆட்டங்களில் அதுதான் எங்கள் ஒழுங்கானது. பதிலடி உள்ளவன் யார் என்று எண்ணு. அவனை ஒற்றை அடியில், முடிந்தால் ஒரே கையில் முடி. எல்லாருக்கும் சேர்த்து விழுகிற அடியைக் கடைசிக்கு வை. இதற்கான சீட்டுகளை மூன்று பேர் மூன்று கையில் வைத்திருப்பதால்தான் வாயைத் திறந்து பேச வேண்டியிருக்கிறது. மச்சானுக்கு அதுவும் புரிந்திருக்கும், ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.

மறுநாள் காலையில் அரிட்டாபட்டி போனோம். மேலூரிலிருந்து மேற்கே அழகர்மலைப் பக்கம் போகிற வழி. நடுவில் ஓர் ஊரில் வண்டியை நிறுத்தினோம், டீ குடிக்கத்தான். மந்தையில் வேப்பமரம், அதன் அடியில் கல் பாவிய திண்ணை, திண்ணையில் கரிக்கட்டியால் கோடு. முக்கோணத்தின் உச்சியிலிருந்து நாலு கோடு இறங்கி, குறுக்கே மூன்று கோடு ஓடி, ஓரங்கள் கட்டப்பட்ட படம். உச்சியில் ஒன்று, குறுக்குக் கோடுகளில் ஆறு ஆறாகப் பதினெட்டு, அடியில் நாலு. ஆக 23 புள்ளி. ஆடு புலி ஆட்டம். கோவில் மண்டபத் தரைகளில் உளியால் கொத்தியிருப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். இது நேற்றுப் போட்டது.

மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டை ஆடுகள், புலிகளுக்கு உடைந்த ஓட்டுச் சில்லு. ஒரு பெரியவர் புலிக்கு ஆடினார். ஆட்டுக்கு ஆடியது ஒருவர் அல்ல, திண்ணையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும். "அங்க வையி", "வேணாம்டா, பின்னாடி தொறந்திருக்கு", "மூலைய மூடு" என்று நாலு வாய். காய் நகர்த்தும் கை மட்டும் ஒன்று. மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கூட்டு ஆட்டம் சமீபத்திய பயிர் என்று பஸ்ஸில் சொல்லி வந்தவன்.

ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. புலி அப்படியல்ல, முதலிலிருந்தே அலையும். ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டும். ஒரே கோட்டில் இரண்டு ஆடு ஒட்டி நின்றால் தாண்ட முடியாது. ஆடுகளுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகளை நகர முடியாமல் அடைப்பதுதான் அவற்றின் வெற்றி.

பெரியவரின் புலி ஒன்று உச்சியிலிருந்து நடு வரிக்கு இறங்கி நின்றது. அந்த இடத்திலிருந்து வலது கைப் பக்கம் ஓர் ஆடு, கீழே ஓர் ஆடு. இரண்டுக்கும் பின்னால் காலி. ஒரே நகர்வில் இரண்டு குறி. ஆட்டுக்கட்சியிடம் இருப்பது ஒரே காய். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். திண்ணையைச் சுற்றிச் சத்தம் அடங்கியது. பிறகு ஒரு பையன், பள்ளிச் சீருடையில் நின்றவன், வலது பக்கத்து ஆட்டுக்குப் பின்னால் காயை வைத்து அதைக் காப்பாற்றினான். கீழே இருந்ததைத் திறந்தே விட்டான்.

பெரியவர் வெட்டவில்லை.

"வெட்டுங்க ஐயா, ஆடு இருக்குல்ல" என்றேன் நான், வேடிக்கை பார்க்கிறவனின் அவசரத்தில்.

"வெட்டுனா நான் கீழ் வரிசைக்குப் போயிருவேன் அப்பு. அந்த மூலையில ரெண்டு பக்கம் ஏற்கெனவே அடச்சிருக்காய்ங்க. ஒரு ஆட்டக் குடுத்து ஒரு புலிய வாங்கப் பாக்குறான் பொடியன். வெட்டியே ஆகணும்னு சட்டமா இருக்கு?"

எங்கள் பக்கத்து ஆட்டத்தில் அப்படிச் சட்டம் இல்லை. தொடர்ந்து பார்த்தேன். பையன் மறுபடியும் அதே தூண்டிலை வேறு கோட்டில் போட்டான். பெரியவர் புலியை ஒரு புள்ளி பின்னால் இழுத்துக்கொண்டார். குறி மட்டும் அப்படியே இருந்தது. வெட்டு எப்போது விழும் என்று தெரியாததால் ஆட்டுக்கட்சி ஒவ்வொரு காயையும் காவலுக்கே செலவழிக்க வேண்டியிருந்தது. அடைக்கப் போக ஆடு மிச்சமில்லை. எங்கள் டீ ஆறிப்போனது. ஆட்டத்தின் முடிவைப் பார்க்காமல்தான் கிளம்பினோம். பார்த்தவரை புலிப்பக்கம்தான் காற்று.

வண்டியில் மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம ஆட்டத்துல எதிரி திருப்பி அடிச்சே ஆகணும் மாமா. அதனாலதான் நம்மால கணக்குப் போட முடியுது" என்றான். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விப்லாஷ் ஒருநாளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகமாட்டான். அவன் சீட்டில் 'ஒன்று' என்று இருந்தால் ஒன்று. தேதி, நேரம், மனநிலை எதுவும் கிடையாது. ஒன்று திரும்பும் என்று தெரிந்தால் அந்த ஒன்றை யார் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். 15 உள்ளவள் வாங்கட்டும், ஒன்பது உள்ளவன் ஒதுங்கட்டும். மந்தைப் பெரியவரிடம் இந்தக் கணக்கு நடக்காது.

அரிட்டாபட்டியில் ஏழு மலைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கழிஞ்சமலையில் சமணர் படுகைகளும் தமிழி எழுத்தும் உண்டு. பக்கத்திலேயே பாறையைக் குடைந்த சிவன் கோவில், அதில் லகுலீசர் சிற்பம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 பறவை வகைகள் என்று கணக்கு. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் பொனெல்லிக் கழுகும் இந்தப் பாறைகளை நம்பி இருப்பவை. நாங்கள் போன நேரத்தில் கழுகு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பருந்து தாழப் பறந்தது. எங்கிருந்தோ இரண்டு கரிச்சான்கள் கிளம்பி அதன் முதுகுக்கு மேலே மாறி மாறிக் குத்தி, மலை தாண்டும்வரை துரத்திவிட்டு வந்தன. பருந்து அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரும்பி ஒரு கரிச்சானைப் பிடிப்பதில் அதற்கு லாபம் இல்லை போலும்.

மலையடியில் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். ஊர்க்காரர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். இங்கே யாரிடம் பேசினாலும் பேச்சு டங்ஸ்டனில் வந்து நிற்கும். 2024 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஏலம் முடிந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பெயர் நாயக்கர்பட்டி, பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். வரைபடத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் அரிட்டாபட்டி, வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி என்று ஊர் ஊராகக் கிடந்தன. குறிவைத்தது ஒரு கனிமத்தை. அடி விழுந்தது எத்தனையோ ஊர்மேல். கிராம சபைகளில் தனித்தனியாகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் தபால் நிலையம் நோக்கிக் கூட்டம் நடந்தது. ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

"ஒரு ஊர மட்டும் எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்ங்க?" என்று மருமகன் கேட்டான். கேள்வியில் விப்லாஷ் இருந்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஊர்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பவும் வந்திருப்போம். கொஞ்சம் லேட்டாகியிருக்கும்."

அந்தப் பதிலை நான் மதிக்கிறேன், ஆனால் முழுக்க நம்பவில்லை. ஒவ்வொன்றாக எடுத்த மலைகளும் இந்தத் தாலுகாவில் உண்டு. கிரானைட்டுக்காகச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிற்பதைக் கீழவளவுப் பக்கம் போகிறவர் யாரும் பார்க்கலாம். அவற்றுக்குப் பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. கட்டம் பெரிதாகப் போட்டவர்கள் பதிலையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

இரவு மறுபடியும் பாய். அல்ட்ரான் மறுபடியும் டிரோன்களை அடைகாத்தது. நாங்கள் தேறியிருந்தோம். அயர்ன் மேன் முதலில், ஷீ-ஹல்க் கடைசியில். நடுவில் நான் வலை கட்டிக்கொண்டு சில்லறை வேலை. சின்னவள் மிதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பொறுமை இந்த ஆட்டத்துக்கே கேடு என்று பிறகு தெரிந்தது. நாம் அடிதடியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிரியின் சதித்திட்டச் சீட்டில் ஆபத்துக் குறிகள் தாமாக ஏறிக்கொண்டே இருக்கும். அது நிரம்பினால் நாம் யாரையும் அடிக்காமலே தோற்றுப்போவோம்.

மச்சான் கட்டிலை விட்டு இறங்கி வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாலாவது ஆளாக ஆட வருகிறார் என்று மருமகன் அவருக்கு பிளாக் பாந்தரை எடுத்து நீட்டினான். பதிலடி உள்ள நாயகன். அப்பாவுக்குப் பொருத்தம் என்று அவன் நினைப்பு.

"அது எனக்கு எதுக்கு? அந்த அல்ட்ரானக் குடு."

"அதுக்கு ஆளு கிடையாதுப்பா. சீட்டே ஆடிக்கும்."

"அதான் தப்பு. ஆளில்லாத எடத்துல அடிச்சு செயிச்சு என்னடா பெருமை? நான் ஆடுறேன். உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதையே செய்யிறேன், ஒண்ணே ஒண்ணத் தவிர."

அவர் கேட்ட அந்த ஒன்று, திருப்பி அடிக்க வேண்டிய இடத்தில் உடனே அடிக்காமல் அந்தப் புள்ளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டியவர்மேல் இறக்கும் உரிமை. விதிப்புத்தகம் இதை எந்தப் பக்கத்திலும் அனுமதிக்காது. மருமகன் பெரிதாக எதிர்த்தான். அக்கா அடுப்படியிலிருந்து "ஆடித்தான் பாருங்களேன்" என்றாள். ஆடினோம்.

விப்லாஷ் இரண்டாவது சுற்றிலேயே உள்ளே வந்துவிட்டான். சின்னவள் மிதித்தாள். டிரோன்கள் விழுந்தன. விப்லாஷுக்கு ஒரு புள்ளி. எல்லாரும் மச்சான் கையைப் பார்த்தோம். அவர் ஒரு புளியங்கொட்டையை எடுத்து (மந்தையிலிருந்து மருமகன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு வந்தது) தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்ப அடிக்கல" என்றார்.

மருமகன் அயர்ன் மேனால் விப்லாஷை இரண்டு முறை அடித்தான். இன்னும் இரண்டு கொட்டை சேர்ந்தது. ஒன்பது புள்ளிக்காரன் நாலில் நின்றுகொண்டிருந்தான். அல்ட்ரானின் அடி எந்த நேரமும் வரலாம். யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதை மூவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்தோம். கூட்டல் சரியாக வந்தது. ஆனால் அந்த மூன்று கொட்டையை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

"விப்லாஷ முடிச்சிட்டா அந்தக் கொட்டையெல்லாம் செல்லாதுல்லப்பா?" என்றாள் சின்னவள்.

"அவன் செத்தா என்ன? நான் இருக்கேன்ல" என்றார் மச்சான்.

"அது வெதில இல்ல!"

"வெதிய எழுதுனவன் இங்க இல்லையே. நாந்தான் இருக்கேன். வையி, உன் சீட்ட வையி."

அவள் இன்னும் வைக்கவில்லை. கையில் மிதிச் சீட்டு. பாயில் புதிதாக இரண்டு டிரோன். அண்ணன் "மிதி" என்றான். நான் "பொறு" என்றேன். மச்சான் ஒரு கொட்டையை எடுத்து ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டு, அயர்ன் மேனைப் பார்த்தார், பிறகு ஸ்பைடர் மேனைப் பார்த்தார், பிறகு சாவகாசமாக அக்காவிடம் மோர் கேட்டார்.